அறுபதில் பாய் கட்டுவது: வன்னிக் கரையில் பாய்மரம் பழக ஒரு முழு வழிகாட்டி

2022 டிசம்பர் 31ஆம் திகதி, இலங்கையில் அறுபதைத் தாண்டிய அரச ஊழியர்களை மொத்தமாக வீட்டுக்கு அனுப்பினார்களே, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். ஊர் கிளிநொச்சிப் பக்கத்து அக்கராயன். குளம் தெரியும், வயல் தெரியும். கடல் என்றால் மீன் வாங்கப் போகும் இடம், அவ்வளவுதான்.

அந்த வருடம் ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஏறியது. அதற்குப் பிறகு ஒருநாள் பூநகரிப் பக்கம் மீனுக்குப் போனபோது, ஒரு பொடியன் வாடிக்குள் (மீனவர் கொட்டிலுக்குள்) சுருட்டிக் கிடந்த பழைய பாயை வெளியே இழுத்து மணலில் விரித்து, ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தான். "எண்ணெய்க்குக் குடுக்கக் காசில்லை ஐயா. காத்து சும்மாதானே கிடக்கு" என்றான். ஓய்வு பெற்று வீட்டில் மூன்று மாதம் பேப்பர் படித்து அலுத்த பிறகு, அவனிடமே போய்ப் பழக்கச் சொல்லிக் கேட்டேன். அவனுக்கு வயது முப்பத்துநான்கு. என் மூத்த மகனுக்கும் அதே வயது.

கீழே எழுதியிருப்பது நான் அவனிடம் கற்றது, அடிபட்டுக் கற்றது, பிறகு வாசித்துச் சரிபார்த்தது. ஐம்பது, அறுபதில் இதற்கு ஆசைப்படுபவர்களுக்காக எழுதுகிறேன். இருபது வயதுக்காரருக்கு இதில் பாதி தேவைப்படாது.

ஏன் இந்த வேலை?

எஞ்சின் இல்லாத படகில் பாய் காற்றை முதன்முதலாகப் பிடிக்கும்போது, படகின் அடியில் தண்ணீர் கொப்புளிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். அதைக் கேட்கத்தான். வேறு பெரிய காரணம் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று. சிறுவயதில் களத்தில் சுளகைத் தூக்கிப் பிடித்து நெல் தூற்றியவர்களுக்குக் காற்று எந்தப் பக்கம் வருகிறது, எப்போது விழும், எப்போது எழும் என்று உடம்புக்கே தெரியும். பதரை எறிந்து பார்த்துச் சுளகைத் திருப்புவோமே, அதே கணக்குத்தான் பாயிலும். (அந்தப் பழமொழியை நான் எழுதவேண்டியதில்லை.) நாற்பது வருடம் மேசையில் உட்கார்ந்து மறந்துபோன ஒன்று கையில் திரும்ப வந்ததை முதல் வாரத்திலேயே உணர்ந்தேன்.

வயது தடை என்று நினைப்பவர்களுக்கு இரண்டு பெயர்கள் போதும். பிரான்சிஸ் சிச்செஸ்டர் 1966 ஆகஸ்டில் தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றப் புறப்பட்டபோது வயது 64. ஜீன் சோக்ரட்டீஸ் என்ற பிரித்தானியப் பெண் ஐம்பதை நெருங்கும்போதுதான் பாய்மரம் பழகினார். 2019இல் தன் 77ஆவது வயதில் தனியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி முடித்தார். இது வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு என்பவர்களுக்கு: வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், நம்மவர்கள் ஓட்ட, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போனது. நாம் கடல்நீரேரியில் ஒரு மணித்தியாலம் ஓடிவிட்டு வரப்போகிறோம். பயப்பட ஒன்றுமில்லை.

சரி, பயப்பட நிறைய இருக்கிறது. அதற்குத்தான் மீதி.

படி 1: கரையிலேயே உடம்பைச் சோதித்துப் பாருங்கள்

உடுப்போடு 50 மீற்றர் நீந்த வேண்டும். பிறகு பத்து நிமிடம் தரை தொடாமல் மிதக்க வேண்டும். இரண்டில் ஒன்று முடியாவிட்டால் முதலில் நீச்சல், பிறகு பாய். உயிர்காப்பு அங்கி இருக்கிறதே என்று சமாதானம் சொல்லாதீர்கள். அங்கி மிதக்க வைக்கும், தண்ணீர் மூக்கில் ஏறும்போது வரும் பதற்றத்தை அது அடக்காது.

அடுத்தது முழங்கால். வள்ளத்தில் நிற்க இடமில்லை. குந்தியிருந்து, காற்று மாறும்போது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தவழ்ந்து போக வேண்டும். வீட்டுத் திண்ணையில் ஒரு பலகையை வைத்துக் கையூன்றாமல் பத்துத் தரம் குந்தி எழுந்து பாருங்கள். என்னால் நான்குதான் முடிந்தது. ஆறு கிழமை செய்தபின் பத்து வந்தது.

மருந்து எடுப்பவர்கள் டொக்டரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். பிரஷருக்குச் சிறுநீர் போகவைக்கும் குளிசை எடுத்தால், வெயிலில் உடல்நீர் கெதியாக வற்றும், எழும்பும்போது தலை சுற்றும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்குத் தலையில் படும் சிறிய அடியும் பெரிய அடி. சீனி வருத்தக்காரர் வெறுங்காலோடு கடலில் இறங்கவே கூடாது. சிப்பியில் வெட்டினால் காலில் உணர்வு குறைந்தவருக்கு அது தெரியாது, மாதக்கணக்கில் ஆறாது. பழைய சப்பாத்து ஒன்று போதும்.

ஆழம் குறைந்த இடத்தில் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடங்கள். திருக்கை அந்த அதிர்வில் விலகிப் போகும். மிதித்தால்தான் முள்ளால் குத்தும். குத்திவிட்டால், தோல் வேகாத அளவுக்குச் சூடான தண்ணீரில் காலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்திருந்தால் வலி இறங்கும். சூட்டைக் குத்துப்படாத காலால் பார்க்க வேண்டும். அப்புறம் ஆசுபத்திரி.

படி 2: இடமும் காலமும்

இதைத்தான் எல்லாரும் பிழையாகச் செய்கிறார்கள். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

வன்னிக்கு இரண்டு கடல். கிழக்கே முல்லைத்தீவு, கொக்கிளாய், சாலை என்ற ஊர்ப் பக்கம் திறந்த வங்காள விரிகுடா. மேற்கே நாச்சிக்குடா, வலைப்பாடு, விடத்தல்தீவுப் பக்கம் பாக்கு நீரிணையும் மன்னார்க் கடலும். வடக்கே பூநகரியைத் தொட்டுக்கொண்டு ஆழங்குறைந்த யாழ்ப்பாணக் கடல்நீரேரி. காற்றும் பெரிதாக இரண்டு: வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம், கார்த்திகைக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து வாடை.

இப்போது இவற்றைச் சேர்த்துப் பாருங்கள். மேற்குக் கரையில் சோளகம் கடலிலிருந்து கரைக்கு வீசும். அலை எழும்பும், கடல் அழுக்காக, கோபமாகத் தெரியும், நாம் இறங்க மாட்டோம். அதே கரையில் வாடை நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். கரையோரம் தண்ணீர் தட்டுப்போல இருக்கும். பழகுவதற்கு நல்ல நாள் என்று தோன்றும். அதுதான் கொல்லும் நாள். பாய் கிழிந்தாலோ கை தளர்ந்தாலோ படகு இந்தியாவை நோக்கிப் போகும். கரையிலிருந்து தள்ளிப் போகப்போக அலையும் பெருகும். முல்லைத்தீவில் இதற்கு நேர்மாறு: வாடையில் கடல் கொந்தளிக்கும், சோளகத்தில் அமைதியாக இருந்து உங்களைக் கிழக்கே இழுத்துப் போகும். கடலின் முகத்தைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கையில் ஒரு பிடி மணலை எடுத்து விழவிட்டுப் பாருங்கள். அது கடல் பக்கம் பறந்தால் வீட்டுக்குப் போங்கள்.

பழகச் சரியான காலம் பங்குனி, சித்திரை. வாடை ஓய்ந்திருக்கும், சோளகம் தொடங்கியிருக்காது. காலையில் நிலக்காற்று செத்து, பத்து, பதினொரு மணிக்குக் கடற்காற்று மெல்ல எழும். அந்த மெல்லிய காற்றில்தான் நமக்கு வேலை.

இடம் கடல்நீரேரி. பூநகரியிலிருந்து கௌதாரிமுனை வரையான உள்பக்கத்தில் பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர். கவிழ்ந்தால் எழுந்து நிற்கலாம். அறுபது வயதுக்காரருக்கு இதைவிடப் பெரிய காப்புறுதி கிடையாது. குறைகளும் உண்டு: மீன் பிடிக்க நட்ட களங்கட்டித் தடிகள், கடலட்டைப் பண்ணை வலைகள், சுக்கானில் சுற்றிக்கொள்ளும் சாதாளை என்ற கடற்புல். யாருடைய தடி எங்கே நிற்கிறது என்று தெரியாமல் போய் வலையைக் கிழித்தால், பழுது அவருடைய சோற்றில்.

"இரணைமடு பக்கத்தில்தானே, அங்கே பழகலாமே" என்று மருமகன் கேட்டான். குளத்தில் முதலை இருக்கிறது தம்பி. தவிர, மரங்களைத் தாண்டி வரும் காற்று குளத்தின்மேல் நிமிடத்துக்கொரு பக்கம் திரும்பும். பழகுபவருக்கு அது தலைவலி.

முல்லைத்தீவுப் பக்கத்து நந்திக்கடல் நீரேரியை நான் சொல்ல மாட்டேன். அங்கே தினமும் தொழிலுக்குப் போகிறார்கள், அது அவர்களுடைய நீர். பொழுதுபோக்குக்காகப் பாய் விரிக்க எனக்கு மனம் வரவில்லை.

புறப்படும் முன் வானிலைத் திணைக்களத்தின் கடல் அறிவித்தலைப் பாருங்கள். 'புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரை' என்று வரும் பகுதிதான் மேற்குக் கரைக்கும் நீரேரிக்கும். காற்று மணிக்கு 20 கிலோமீற்றருக்குள் என்றால் போகலாம். 30 என்றால் பிளேன்ரீ குடித்துவிட்டுப் படுங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயில் விழும் விசை நான்கு மடங்கு. இந்தக் கணக்கை மறந்தவர்கள்தான் கவிழ்கிறார்கள்.

படி 3: ஆசானும் சங்கமும்

பாய் கட்டத் தெரிந்தவர்கள் கரையில் இன்னும் இருக்கிறார்கள், குறைந்து வருகிறார்கள். இரணைமாதா நகர்ப் பக்கம் விசாரியுங்கள். 1992இல் இரணைதீவிலிருந்து இடம்பெயர்ந்து, 2018 சித்திரையில் தாங்களே படகுகளைக் கட்டிக்கொண்டு தீவுக்குத் திரும்பிப் போன சனம் அது. அவர்களில் வயதானவர்களுக்குக் காற்று மனப்பாடம்.

முதலில் அந்த இடத்துக் கடற்றொழிலாளர் சங்கத்துத் தலைவரைப் போய்ப் பாருங்கள். பக்கத்துக் கடற்படை முகாமிலும் யார், எங்கே, எத்தனை மணிவரை என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் இறங்கிய ஒரு பின்னேரம் எனக்கு முழுவதும் விளக்கம் சொல்வதிலேயே போனது.

பழக்குபவர் உங்களைவிட இளையவராகத்தான் இருப்பார். இங்கே ஒரு சங்கடம்: நம் ஊரில் இளையவர் மூத்தவரை அதட்ட மாட்டார். "ஐயா, கொஞ்சம் இந்தப் பக்கம் வந்தா நல்லம்" என்று அவர் மரியாதையாகச் சொல்லி முடிப்பதற்குள் படகு சரிந்துவிடும். முதல்நாளே பேசி முடியுங்கள்: "கரையிலதான் நான் ஐயா. வள்ளத்துக்குள்ள பேசு, கத்து." கரை திரும்பியதும் அவனே வெட்கப்பட்டுப் பிளேன்ரீ வாங்கித் தந்த நாட்கள் உண்டு. பழக்குகிற நாளுக்கு அவருக்குத் தொழில் போகிறது. அன்றைய மீனின் பெறுமதியைக் கொடுத்துவிட வேண்டும். அன்புக்காகச் செய்கிறார் என்று விட்டுவிடுவது அநியாயம்.

படி 4: படகும் பாயும்

வாங்காதீர்கள். முதல் வருடம் வாடகைக்கோ, பங்குக்கோ. புதிதாக ஓய்வுபெற்றவர்களின் பணிக்கொடைப் பணத்தில் வாங்கி வேலியோரம் கவிழ்த்து வைத்திருக்கும் படகுகளை நான் பார்த்திருக்கிறேன். கோழி முட்டையிட நல்ல இடம்.

பதினெட்டு அடி ஃபைபர் வள்ளம் நீரேரிக்குப் போதும். பார்க்கவேண்டியது: பாய்மரம் செருகும் குறுக்குப் பலகை அசைகிறதா, அடியில் வெடிப்பு இருக்கிறதா. இருக்கைகளுக்குக் கீழே மூடி இறுகிய 20 லீற்றர் வெறுங் கான் ஆறு கட்டுங்கள். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 20 கிலோவைத் தாங்கும். கவிழ்ந்து தண்ணீர் நிறைந்தாலும் படகு தாழாது.

பாய்க்கு எட்டு அடி சதுரத் தறப்பாள் எடுத்தோம். கிட்டத்தட்ட 6 சதுர மீற்றர் வரும். ஒலிம்பிக்கில் ஓடும் லேசர் என்ற ஒற்றையாள் படகின் பாய் 7.06 சதுர மீற்றர், அந்தப் படகின் உடல் 59 கிலோதான். நம் வள்ளம் அதைவிடப் பாரம் கூடியது, அதனால் ஆமை வேகம். பழக அது நல்லது. மேல்விளிம்பை ஒரு மூங்கிலில் கட்டினால் அது பருமல். அதைக் கயிற்றால் மரத்தில் ஏற்றவேண்டும். முன் கீழ்மூலையை அணியத்துப் பக்கம், அதாவது படகின் முன்பக்கம், கட்டவேண்டும். பின் கீழ்மூலையிலிருந்து வரும் கயிறு, தாமான், உங்கள் கையில்.

அந்தத் தறப்பாளை என் கையாலேயே தைத்தேன். ஓரத்தை இரண்டு மடிப்பு மடித்து, கோணி ஊசியால் வலை நூலில். தைக்கும்போது மனைவி வந்து நின்று பார்த்துவிட்டு, "உதுக்குக் கீழ எத்தினை மாதம் கிடந்தனாங்கள்" என்றாள். வேறொன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

மரத்தின் உச்சியில் பழைய சேலைக்கரையில் ஒரு முழ நாடா கிழித்துக் கட்டுங்கள். காற்று எங்கிருந்து என்பதை அதைவிட ஒழுங்காக எந்தக் கருவியும் சொல்லாது. இவற்றோடு உயிர்காப்பு அங்கி, விசில், ஒரு சவள் (துடுப்பு), தரையில் ஊன்றித் தள்ளத் தாங்குகம்பு, தண்ணீர் இறைக்க வெட்டிய கான் (கயிற்றில் கட்டி), ஆளுக்கு 2 லீற்றர் குடிநீர், முழுக்கைச் சட்டை, நாடி வரை கயிறு உள்ள தொப்பி, தண்ணீர் புகாத உறையில் போன்.

படி 5: முதல் ஐந்து நாட்கள்

முதல் நாள் பாயே வேண்டாம். சவளும் கம்பும் மட்டும். காற்று செத்தால் அல்லது மரம் முறிந்தால் வீடு சேர்வது இவற்றால்தான்.

இரண்டாம் நாள் பாயை ஏற்றி, இறக்கி, ஏற்றி, இறக்கி. கரையில் நின்றபடி இருபது தரம். ஐந்து எண்ணி முடிப்பதற்குள் இறக்கத் தெரியும்வரை நகராதீர்கள்.

மூன்றாம் நாள் குறுக்குக் காற்றில் ஓட்டம். காற்று பக்கவாட்டில் வரும்படி வைத்து நேராகப் போய், திரும்பி, அதே வழியில் வருவது. இதுதான் மிக இலகு. இங்கே மோட்டார் சைக்கிள்காரருக்கு ஒரு பொறி இருக்கிறது: சுக்கான் பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். முப்பது வருடம் ஹீரோ ஹொண்டா ஓட்டிய கை அதை ஒத்துக்கொள்ளாது. நான் இரண்டு தரம் களங்கட்டித் தடியை விலக்கப்போய் நேராக அதில் கொண்டுபோய்ச் சொருகினேன்.

இனித் தாமான். அதன் கதையைச் சொல்கிறேன்.

நான்காம் நாள் காற்று கொஞ்சம் கூடியிருந்தது. தாமான் கையை இழுத்தது. வயலில் மிரண்ட மாட்டின் கயிற்றைப் பிடித்துப் பழகிய ஆள் நான். இழுத்தால் இன்னும் இறுக்கிப் பிடிப்பேன். கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். தூரத்தில் தண்ணீர் கறுத்துச் சுருங்கி எங்களை நோக்கி வந்தது. அது காற்றடி வருவதன் அடையாளம், எனக்கு அப்போது தெரியாது. பாய் நிறைந்தது, படகு சரிந்தது, விளிம்பு தண்ணீரைத் தொட்டது. "கயித்தை விடுங்கோ! விடு! விடடா!" என்று அவன் கத்தினான். அந்த 'டா'வைக் கேட்டும் என் கை விடவில்லை. விட முடியவில்லை, சுற்றியிருந்ததே. கவிழ்ந்தோம். இடுப்பளவுத் தண்ணீரில் எழுந்து நின்றபோது உள்ளங்கையில் தோல் இரண்டு அங்குலம் உரிந்திருந்தது. உப்புத்தண்ணீர் பட்ட எரிச்சல் இப்போதும் நினைவிருக்கிறது.

ஆகவே: தாமானைக் கையில் சுற்றாதீர்கள், எங்கும் முடிச்சுப் போடாதீர்கள். கை சோர்ந்தால் இருக்கைப் பலகையைச் சுற்றி ஒரேயொரு சுற்று, நுனி கையில். ஆபத்து என்று தோன்றிய கணம் விரலைத் திறவுங்கள். பாய் கொடிபோலப் படபடக்கும், படகு நிமிரும். பலத்தால் சமாளிக்க நமக்கு இனி வயதில்லை. விரலைத் திறக்க எந்த வயதும் போதும். ஆனால் கை தானாகத் திறக்க ஒரு மாதமாவது ஆகும். அதனால் அமைதியான நாளில் வேண்டுமென்றே நூறு தரம் விட்டுப் பழகுங்கள்.

ஐந்தாம் நாள், காற்றுக்கு எதிராக. நேராகப் போகவே முடியாது. குறுக்கும் மறுக்குமாகத்தான் ஏற வேண்டும். தட்டையடி வள்ளம் பக்கவாட்டில் வழுக்கும், ஒரு பலகையைப் பக்கத்தில் இறக்கிப் பிடித்தாலும் ஒரு கிலோமீற்றர் ஏற மூன்று கிலோமீற்றர் ஓட வேண்டிவரும். இதிலிருந்து ஒரு விதி வருகிறது: போகும்போது காற்றுக்கு எதிராக ஏறுங்கள், களைத்துத் திரும்பும்போது காற்றோடு வாருங்கள். ஆனால் காற்று நேர் பின்னாலிருந்து வரும்போது பாய் சொல்லாமல் மறுபக்கம் அடிக்கும். தலையைத் தாழ்த்தி இருங்கள்.

படி 6: கவிழ்ந்தால்

படகை விட்டு நீந்தாதீர்கள். கரை கிட்டத் தெரியும், கிட்ட இருக்காது. விசில் ஊதுங்கள். ஆட்களை எண்ணுங்கள். பருமலை மரத்திலிருந்து கழற்றினால்தான் படகை நிமிர்த்தலாம். பிறகு இறைத்துத் தள்ளுங்கள். ஏற முடியாவிட்டால் ஏறவேண்டாம், பிடித்துக்கொண்டு நடங்கள், ஆழமானால் மிதந்துகொண்டிருங்கள். கயிற்றில் கால் நுழையும்படி இரண்டு தடம் (வளையம்) போட்டுப் படகின் பின்பக்கம் கட்டி வைத்தால் காலை வைத்து ஏறலாம். இளைஞர்கள் கையூன்றிப் பாய்ந்து ஏறுவார்கள். அதைப் பார்த்து முயன்று என் விலா ஒரு மாதம் வலித்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐப் போனில் பதிந்து வையுங்கள்.

படி 7: வீட்டில் சொல்வது

இதை முதலாவதாகப் போட்டிருக்க வேண்டும். 2009 போருக்குப் பிறகு கடல் பக்கம் முகம் திருப்பாதவர்கள் எங்கள் ஊரில் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். என் மனைவியும் கரைக்கு வரமாட்டாள். வாதாடிப் பார்த்தேன், பயனில்லை, அது வாதாடும் விஷயமுமில்லை. இப்போது ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம்: இறங்குமுன் ஒரு கோல், ஏறியதும் ஒரு கோல், பிற்பகல் இரண்டு மணியைத் தாண்டுவதில்லை. ஒருநாள் காற்று நன்றாக இருந்தது, இன்னும் ஒரு சுற்று என்று போய் மூன்றாகிவிட்டது. அவள் கத்தவில்லை. இரவு சாப்பாடு போட்டு வைத்துவிட்டுப் பேசாமல் படுத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒன்றரைக்கே திரும்பிவிடுகிறேன்.

பராமரிப்பு

ஒவ்வொரு தரமும் பாயை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயப்போடுங்கள். வெயில்தான் தறப்பாளின் எமன். எலி எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். கயிறு மயிர் எழும்பினால் மாற்றுங்கள், முடிந்து ஒட்டுப்போட வேண்டாம்.

எனக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. தை, மாசியில் பெரும்போக அறுவடை. நெல் காயப்போட வீட்டில் இருக்கும் ஒரே நல்ல தறப்பாள் இந்தப் பாய்தான். பருமலிலிருந்து அவிழ்த்து முற்றத்தில் விரித்தால், கடைசி மூட்டை கட்டும்வரை திரும்பக் கேட்க முடியாது. போன வருடம் பங்குனி எட்டாம் திகதிதான் கிடைத்தது, மடிப்புகளுக்குள் நெல்மணியோடு.